ஒத்தக்கால் கார்

என் இடது முழங்கால் மடங்காது. இதன் பின்னால் வீரக்கதை எதுவும் கிடையாது. ஓடுகிற ரயிலைப் பிடிக்கப் போய் விழுந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள நன்றாக இருந்திருக்கும். நான் விழுந்தது நின்றுகொண்டிருந்த ரயிலுக்குப் போகும்போது. அரக்கோணம் ஸ்டேஷன் மேம்பாலத்தின் கடைசிப் படியில், ஒரு வாழைப்பழத் தோல்கூட இல்லாத சுத்தமான இடத்தில். புத்தூர் எலும்பு வைத்தியரிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டேன். சொன்ன நாள் வரைக்கும் கட்டோடு இருந்திருந்தால் கால் சரியாகியிருக்கும். அரிப்புத் தாங்காமல் பாதியிலேயே கத்தரிக்கோலை எடுத்து நானே வெட்டிப் பிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு கால் அளவுகோல் மாதிரி ஆகிவிட்டது. நேராக இருக்கும், வளையாது.

எழுபதுகளின் கடைசி அது. மணவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தமிழாசிரியர். வீடு திருத்தணியில். என் மனைவிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. அவளை அங்கிருந்து அசைக்க முடியாது. நான்தான் தினமும் ரயிலேறி, அரக்கோணத்தில் இறங்கி, பாலம் ஏறி, அந்தப் பக்கம் போய் வேறு ரயில் பிடித்து மணவூர் போக வேண்டும். கால் நன்றாக இருந்தவரை இரண்டு ரயிலுக்கும் இடையில் ஒரு காபி குடிக்க நேரம் இருந்தது. கால் போன பிறகு நான் பாலத்தின் நடுவில் நிற்கும்போது என் ரயில் எனக்கு அடியிலேயே புறப்பட்டுப் போகும். அந்த ரயிலின் கூரையை என்னளவுக்குப் பார்த்தவர்கள் தெற்கு ரயில்வேயிலேயே யாரும் இருக்கமாட்டார்கள்.

அப்படியே இரண்டு மெமோ வாங்கினேன்.

இரண்டாவதைக் கையில் கொடுக்கும்போது தலைமையாசிரியை அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்லவர். பார்த்தால் எழுத வராது என்று பயந்திருப்பார்.

"ஐயா, மூணாவது என் கையில நிக்காதுங்க. மேல போயிடும். போச்சுன்னா மாறுதல்தான். போன வருஷம் கணக்கு வாத்தியாரை ஜவ்வாது மலைக்குப் போட்டாங்க, ஞாபகம் இருக்கில்ல?"

நன்றாகவே ஞாபகம் இருந்தது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை ஏற்றமாம். கணக்கு வாத்தியாருக்கு இரண்டு காலும் மடங்கும். அவரே முதல் மாதத்தில் மூன்று செருப்பைத் தேய்த்துவிட்டதாகக் கடிதம் போட்டிருந்தார். நான் அங்கே போனால் பள்ளிக்கூடத்திலேயே படுத்துக் கிடக்க வேண்டியதுதான். மனைவி இங்கே, நான் அங்கே. எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

வீட்டில் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடித்துவிட்டு, "பஸ்ல போனா?" என்றாள்.

"கனகம்மாசத்திரத்துல இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிக்கணும். அது வந்தா வரும்."

"சைக்கிள்?"

நான் காலைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்குக் கத்தரிக்கோல எடுக்க சொல்லவே யோசிச்சிருக்கணும்" என்றாள். பிறகு பயந்த குரலில், "ஏங்க, நெஜமாவே போட்ருவாங்களா?" என்று கேட்டாள். அந்தக் குரல்தான் என்னைக் கார் வாங்க வைத்தது. சாதாரணமாக அவள் ஊருக்கே "நம்பர் ப்ளீஸ்" சொல்கிற அதிகாரக் குரல்காரி.

கார் என்றதும் என்னைப் பணக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் காலத்தில் ஒரு கறவை மாட்டுக்குக் கிடைக்கிற மரியாதை சில பழைய கார்களுக்குக் கிடைக்காது. என் அக்காள் வீட்டுக்காரர், எங்கள் வழக்கப்படி பாவா, திருத்தணியில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். மலைக்குச் சாமி பார்க்க வருகிறவர்களை ஏற்றி இறக்குவார். கல்யாணத்துக்கு முன்பே எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸும் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். போய் விஷயத்தைச் சொன்னேன்.

"காரு கெடைக்கும் மச்சான். கிளட்ச்ச எத்தால மிதிப்ப?"

அதை நான் யோசிக்கவே இல்லை. வழி கண்டுபிடித்தவரும் பாவாதான். ஒரு கைத்தடியைக் கொடுத்து, இடது கையால் அதைப் பிடித்துக் கிளட்சை அழுத்தச் சொன்னார். வலது காலில் ஆக்ஸிலேட்டர், வலது கையில் ஸ்டியரிங், இடது கையில் தடி. கியரை எந்தக் கையால் போடுவது என்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. வண்டி புறப்பட்ட பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. மலையடிவாரத்தில் பூக்கடை போட்டிருந்த ஓர் அம்மாவின் சாமந்திக் கூடை மீது டாக்ஸியை நிறுத்தினோம்.

"கண்ணு இன்னா பொடணியிலயா கீது?" என்று அந்த அம்மா ஆரம்பித்தார். அதற்குப் பிறகு சொன்னவை எந்த இலக்கணத்திலும் அடங்காது. அந்தக் கூடைப் பூ முழுவதையும் வாங்கி, அக்காளுக்குப் பாதி, என் மனைவிக்குப் பாதி கொடுத்தோம். இரண்டு பெண்களும் அன்றைக்கு எங்களைச் சந்தேகமாகவே பார்த்தார்கள்.

அடுத்த வாரம் பாவா மூச்சு வாங்க வந்து நின்றார்.

"மச்சான், கிளட்ச்சே இல்லாத காரு ஒண்ணு கீதாம். ஆட்டோமேட்டிக்காம். குட்டியூண்டு காரு. நகரியில ஒரு மாட்டு டாக்டர் வச்சிகினு கீறாரு. ரிட்டயர்டு ஆளு. யாரோ வெள்ளக்கார இஞ்சினியர் ஊருக்குத் திரும்பிப் போவ சொல்ல அவராண்ட வித்துட்டுப் போனதாம். இப்ப இவருக்குக் கண்ணு சரியில்ல, தள்ளிடணும்ன்றாரு."

"கியர் இல்லாம எப்படி பாவா ஓடும்?"

"அது கவலய அது பாத்துக்கும். உன் கவலய நீ பாரு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நகரிக்குப் போனோம். இது கிடைக்காவிட்டால் வேறு வழியில்லை. கிடைத்து, நல்ல வண்டியாக இல்லாவிட்டாலும் வேறு வழியில்லை. மணவூருக்கு ஒருநாள் போய்ச் சேர்ந்தால் போதாது. தினமும் மணியடிப்பதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். எனவே நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வழியில் நின்றுவிடுமா? பெயிண்டு, சீட்டு, ஹாரன் எதைப் பற்றியும் எனக்குக் கவலையில்லை.

வீட்டு வாசலில் கார் நின்றிருந்தது. எலுமிச்சம்பழ நிறம், கிட்டத்தட்ட எலுமிச்சம்பழ அளவு. உள்ளே இரண்டே பெடல். கை வைக்கிற இடத்தில் ஒரு குச்சி: முன்னால் தள்ளினால் முன்னால் போகும், பின்னால் இழுத்தால் பின்னால் போகும். இதை எனக்காகவே செய்து, தவறான விலாசத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தோன்றியது. பாவா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வண்டிக்கு அடியில் போனார்.

மாட்டு டாக்டர் என்னைத் திண்டு வைத்த நாற்காலியில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். வெள்ளை வேட்டி, தடித்த கண்ணாடி, நிதானமான மனிதர். நான் தமிழ் வாத்தியார் என்று பாவா முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் அவர் தமிழில் பேச ஆரம்பித்தார். நான் அவருடைய ஊருக்கு வந்திருக்கிறேன், அவரோ பெரியவர். அதனால் நான் தெலுங்கில் பேச ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்தில் இப்படித்தான் நடக்கும். அவரவர் மரியாதைக்கு அடுத்தவர் பாஷையை எடுத்துக்கொள்வோம். அதோடு ஒரு வாக்கியத்தின் தலை தமிழாகவும் வால் தெலுங்காகவும் இருப்பது எங்களுக்குப் பழக்கம். யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பக்கத்து வீடுகளில் தறி ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் பிரித்துக் கேட்கவும் முடியாது.

என் தெலுங்கு பற்றி எனக்கு அப்போது கர்வம் உண்டு. தெலுங்கில் 'ஆகு' என்றால் நில். 'ஆகுதுந்தா' என்றால் நிற்குமா. இதில் தப்பே இல்லை. நான் கேட்டேன்:

"ரோஜூ மணவூரு போவாலி சார். ஆகுதுந்தா?"

தினமும் மணவூர் போக வேண்டும், நிற்குமா என்று அர்த்தம். அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"ஆகாது" என்றார்.

தெலுங்கில் 'ஆகது' என்றால் நிற்காது. என் வயிற்றில் மோர் அப்போதுதான் இறங்கியது.

"வர்ஷம்லோ?" மழையில்?

"மழையிலா? நிச்சயம் ஆகாது."

"எண்டலோ?" வெயிலில்?

"வெயிலில் சுத்தமாக ஆகாது ஐயா."

நான் சிரித்துவிட்டேன். மழையிலும் நிற்காது, வெயிலிலும் நிற்காது. இனி என்ன வேண்டும்? ஆசை விடவில்லை. "கொண்ட?" என்று திருத்தணி மலையை மனதில் வைத்துக் கேட்டேன்.

"மலைக்கா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மலைக்கு எந்தக் காலத்திலும் ஆகாது."

நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "தீஸ்குண்டானு சார்!" எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். மாடு வாங்க வந்தவன், இது பால் கறக்காது, கன்று போடாது, ஏரிலும் பூட்ட முடியாது என்று கேட்டபின் துள்ளிக் குதித்தால் ஒரு மாட்டு டாக்டர் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. பிறகு நான் கேட்காமலே விலையைக் குறைத்தார். என் தெலுங்கின் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாவா வெளியே வந்து கை துடைத்தார். "இஞ்சின் ஷோக்கா கீது மச்சான். டாக்டர் இன்னா சொல்றாரு?"

"நிக்கவே நிக்காதாம்" என்றேன். அவர் சொன்ன வார்த்தையைச் சொல்லவில்லை. மொழிபெயர்த்துச் சொன்னேன். படித்தவன் செய்கிற வேலை.

சாயங்காலம், மழைத் தூறலில் ஓட்டிக்கொண்டு வந்தோம். நடுவில் பாவாவுக்கு டீயும் பீடியும் வேண்டும் என்று ஒரு கடையில் கால் மணிநேரம் நிறுத்தினோம். கார் நிற்காமல் வீடு வந்து சேர்ந்தது. மனைவி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். ஐந்தாவது பழத்தை எனக்குச் சுற்றிப் போட்டாள். கூடியிருந்தவர்களில் ஒருத்தர், "கியரே இல்லியா? அப்ப ரிவர்ஸு தள்ளிகினு போணுமா?" என்றார். இன்னொருத்தர் உள்ளே எட்டிப் பார்த்து, ஒரே காலால் ஓட்டுகிற வண்டி என்று கண்டுபிடித்துவிட்டார். மறுநாளிலிருந்து ஊரில் அதற்குப் பெயர் ஒத்தக்கால் கார். எனக்கும் அதுவேதான் பெயர். எங்கள் இருவரில் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

தை மாதம் வாங்கினோம். அந்த மாதமும் மாசியில் பெரும்பகுதியும் நான் ஒருநாள்கூடத் தாமதமாகப் போகவில்லை. ஆனால் நிம்மதியாகவும் போகவில்லை. புறப்பட்டதிலிருந்து காது முழுவதும் இஞ்சினிலேயே இருக்கும். ஒரு கல் தட்டினால் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைப்பேன். எதிரில் லாரி வராவிட்டால் ரோடு எங்கோ மூடியிருக்கிறது என்று நினைப்பேன். கனகம்மாசத்திரம் வரும்போது கையெல்லாம் வேர்த்து ஸ்டியரிங் வழுக்கும். அங்கே இறங்கி ஒரு டீ குடித்து, பேப்பர் படிக்கிறவர்களிடம் மணி கேட்டு, என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் திருவாலங்காட்டுப் பக்கம் திரும்புவேன். திரும்பி வரும்போதும் அதே கடையில் அதே டீ.

தலைமையாசிரியை அம்மா தினமும் ஜன்னல் வழியாகக் காரைப் பார்ப்பார். ஒருநாள் கூப்பிட்டு, "ஐயா, வர்ற புதன்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். பெரிய ஐயா வர்றாரு. ஒன்பதரைக்கே வந்து உக்காந்துக்குவாரு. வேற எந்த நாளா இருந்தாலும் பரவால்லீங்க. அன்னிக்கு மட்டும்..." என்று நிறுத்தினார். முடிக்க வேண்டிய அவசியமில்லை. ஜவ்வாது மலை அந்த நிறுத்தத்திலேயே தெரிந்தது.

புதன்கிழமை நான் சாப்பிடவில்லை. மனைவி இட்லியை இலையில் கட்டிக் கொடுத்தாள். "மெதுவா போங்க" என்றாள். பிறகு, "மெதுவா போயி லேட்டாயிடாதீங்க" என்றாள். வழக்கமான நேரத்துக்குத்தான் கிளம்பினேன். மாசிக் கடைசி, காலையிலேயே வெயில் உறைத்தது. கனகம்மாசத்திரம் வந்தது. டீக்கடைக்காரர் என் காரைப் பார்த்ததும் கிளாஸை எடுத்தார். நான் கையை ஆட்டிவிட்டு நிற்காமல் போனேன். இன்றைக்கு டீயாவது, ஒன்றாவது. ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது.

திருவாலங்காடு தாண்டி, இரண்டு பக்கமும் கரும்பு நிற்கிற இடத்தில், கார் இரண்டு தடவை விக்கியது. மூன்றாவது தடவை விக்கவில்லை. நின்றுவிட்டது.

அந்த அமைதியை என்னால் மறக்க முடியாது. கரும்புத் தோகை உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. சாவியைத் திருப்பினேன். கரகர என்றது. மறுபடி திருப்பினேன். கரகர என்றது. "நிக்காதுன்னு சொன்னாரே, நிக்காதுன்னு சொன்னாரே" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன் போல. கரும்பு ஏற்றி வந்த மாட்டு வண்டிக்காரர் ஒருத்தர் நிறுத்தி, "யாராண்ட பேசிகினு கீறீங்க?" என்று கேட்டார்.

அவர் வண்டியில் ஏறுவதென்றால் கரும்புக் கட்டின் மீது ஏற வேண்டும். மடங்காத காலோடு அது முடியாது. அவர் என்னை இரண்டு கையாலும் தூக்கி, மூங்கில் கழி போல முன்பக்கம் நுகத்தடிக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். என் இடது கால் நீட்டிக்கொண்டு, வலப்பக்கத்து மாட்டின் முதுகை அவ்வப்போது தொட்டது. மாடு ஒவ்வொரு முறையும் திரும்பி என்னைப் பார்த்தது. என் கையில் இட்லிப் பொட்டலம். நான் மணியைப் பார்த்தேன், ஒன்பதரை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், ஒன்பதே முக்கால். "கொஞ்சம் வேகமாப் போவுமா?" என்று கேட்டேன். "இது மாடுங்க" என்றார் அவர்.

பத்தே காலுக்குப் பள்ளிக்கூட வாசலில் என்னை இறக்கினார். பெரிய அதிகாரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். பருத்த உடம்பு, கையில் மூடிய பேனா. நான் கரும்புத் தோகை ஒட்டிய சட்டையோடு நொண்டிக்கொண்டு உள்ளே போனதை முழுவதும் பார்த்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். அதுதான் பயமாக இருந்தது. தலைமையாசிரியை அம்மா மத்தியானம் மூன்றாவது மெமோவைக் கொடுத்தார். இந்த முறை என் முகத்தைப் பார்த்தார், கண் கலங்கியிருந்தது. "திங்கக்கிழமைக்குள்ள விளக்கம் எழுதிக் குடுத்துடுங்க ஐயா. நல்லா எழுதுங்க. நீங்க தமிழ் வாத்தியாருதானே" என்றார்.

எழுதுவதற்கு என்ன இருந்தது? கார் நின்றுவிட்டது என்று எழுதினால், நிற்கிற காரை ஏன் வாங்கினாய் என்பார்கள். நிற்காது என்று சொல்லித்தானே மாட்டு டாக்டர் விற்றார்? அன்று சாயங்காலம் போய்ச் சாவியைத் திருப்பியதுமே கார் எதுவும் நடக்காதது போலக் கிளம்பி வீடு வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பாவாவின் டாக்ஸியில் நகரிக்குப் போனேன். அந்தப் பெரியவரிடம் சண்டை போட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன், தமிழிலேயே.

அவர் எங்களைப் பார்த்ததும் மோர் கொண்டுவரச் சொன்னார்.

"மோரு வேணாம் சார்" என்றேன். "வழியில நின்னுடுச்சு. என் வேலையே போகப்போகுது. நிக்காதுன்னு நீங்க சொன்னீங்க."

"நானா?" அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஆகாது என்றுதானே சொன்னேன்? மழைக்கு ஆகாது, வெயிலுக்கு ஆகாது, மலைக்கு ஆகாது. நாலு தடவை சொன்னேனே ஐயா! உங்கள் தமிழிலேயே சொன்னேனே! நீங்கள் ஒவ்வொரு தடவையும் சிரித்தீர்கள். கழற்றி சாமானாக விற்க வாங்குகிறீர்கள் என்று நினைத்தேன். பாவம் என்று விலையைக்கூடக் குறைத்தேன்."

பாவா ஒரு கணம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ இன்னா கேட்ட மச்சான்?"

"ஆகுதுந்தான்னு கேட்டேன்."

பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீங்கள் 'ஆகுமா' என்று தமிழில் நினைத்து, அதற்குத் தெலுங்கு வால் ஒட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். தமிழ்க்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அதனால் உங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று தமிழில் பதில் சொன்னேன்."

நான் சரியான தெலுங்கில் கேட்டிருக்கிறேன். அவர் சரியான தமிழில் பதில் சொல்லியிருக்கிறார். என் தெலுங்கு தப்பு என்று அவர் நினைத்தார். அவர் பதில் தெலுங்கு என்று நான் நினைத்தேன். எங்கள் ஊர்க்காரர்களைப் போல 'ஆவாது' என்று கொச்சையாகச் சொல்லியிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். தமிழ் வாத்தியார் என்பதற்காகப் புத்தகத் தமிழில் சொன்னார். 'ஆகது' தெலுங்கு, 'ஆகாது' தமிழ். நடுவில் இருப்பது ஒரு துணைக்கால். பிள்ளைகளுக்கு அதைத் தினமும் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு, சொந்தக் காலும் சரியில்லை, எழுத்தின் காலும் காதில் விழவில்லை.

பாவா சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்கிய பிறகு அவர்தான் காரணத்தையும் கண்டுபிடித்தார்.

"தெனமும் நீ எங்கயாச்சும் நிறுத்துவியா?"

"கனகம்மாசத்திரத்துல டீக்கு."

"புதங்கிழமை?"

"நிறுத்தல."

"அதான். சூடேறினா பெட்ரோலு உள்ளயே ஆவியாப் பூடுது. நீ நின்னா அது ஆறிக்கும். நீ நிக்கலன்னா அது நிக்கும்."

பெரியவர் பணத்தைத் திருப்பித் தருகிறேன், வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள் என்றார். நான் யோசித்தேன். கிளட்ச் இல்லாத வேறு கார் எனக்கு எங்கே கிடைக்கும்? வேண்டாம் என்றேன். அவர் என் தோளில் கை வைத்து, வயதான எருதுக்குச் சொல்வது போல் அந்தக் காருக்கு வைத்தியம் சொன்னார்: இரண்டு இடத்தில் நிறுத்துங்கள், மூடியைத் திறந்து வையுங்கள், விரட்டாதீர்கள்.

வீட்டுக்கு வந்து விளக்கம் எழுதினேன். வேறு எதுவும் தோன்றாததால் நடந்ததை எழுதினேன். 'மதிப்பிற்குரிய ஐயா, அடியேனின் தாமதத்துக்குக் காரணம் ஒரு துணைக்கால்' என்று ஆரம்பித்தேன். மனைவி படித்துவிட்டு, "ஜவ்வாது மலைக்கு இன்னா சாமான்லாம் எடுத்துகினு போணும்?" என்றாள். சிரிப்பதற்காகச் சொன்னாள். சிரிப்பு வரவில்லை. போர்வை ஒன்று தனியாக மடித்து வைத்திருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

பத்து நாள் பதில் இல்லை. தபால்காரர் தெருவில் திரும்பினாலே எனக்கு முழங்காலில் வலிக்கும், அதுவும் நல்ல காலில். பதினோராம் நாள் அதிகாரி ஆபீசிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள்.

என் கடிதம் அவர் மேஜை மீது விரித்து வைக்கப்பட்டிருந்தது. உட்காரச் சொன்னார். காலை நீட்டி உட்கார்ந்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஊரு நகரிக்கு அந்தாண்ட. எங்க அம்மா தெலுங்கு, அப்பா தமிழு. வீட்டுல இதே சண்டதான்" என்றார். "என் இருபது வருஷ சர்வீஸ்ல லேட்டுக்கு எழுதின விளக்கம் ஆயிரம் படிச்சிருக்கேன். ரயில் லேட்டு, வயித்துவலி, மாமியார் சாவு. ஒருத்தருக்கு மாமியார் மூணு தடவ செத்தாங்க. இது ஒண்ணுதான் பொய்யா இருக்க முடியாது. இத யாரும் கற்பன பண்ண முடியாது."

"சார், அந்த மாறுதல்..."

"ஆகாது" என்றார்.

நடக்காது என்கிறாரா, நிற்காது என்கிறாரா? என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"தமிழ்லதான்யா சொன்னேன். போங்க. ஆனா இன்னொரு நாள் லேட்டுன்னு பேரு வந்தா, ரெண்டு பாஷையிலயும் கேக்கமாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம் வீடு வரை என்னோடு வந்தது. அதனால் மறுநாள் ஆறு மணிக்கே புறப்பட்டேன். கனகம்மாசத்திரத்தில் ஒருமுறை, திருவாலங்காட்டில் ஒருமுறை மூடியைத் திறந்து வைத்துக் காற்று வாங்கவிட்டேன். கார் நிற்கவில்லை. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன்கூட வரவில்லை. காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். அதற்கு மறுநாளும் அப்படியே. அதற்கும் மறுநாளும்.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியை அம்மா ஒருநாள் காலையில் என் கார் ஜன்னல் அருகே வந்து நின்றார்.

"ஐயா, வாட்ச்மேன் மூட்டு வலின்னு வேலைய விட்டுட்டாரு. ஊர்லயே முதல்ல வர்றது நீங்கதான். இனிமே நீங்களே தெறந்துடுங்க."

பெரிய இரும்பு வளையத்தில் கோத்த ஆறு சாவிகளை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். அவர் முகத்தில் சந்தோஷம். என்னை நம்பிக் கொடுத்துவிட்டார். முன்பெல்லாம் நான் தாமதமானால் நான் ஒருத்தன்தான் தாமதம். இனி நான் வழியில் நின்றால் முந்நூறு பிள்ளைகளும் பத்து ஆசிரியர்களும் தலைமையாசிரியை அம்மாவும் தெருவில் நிற்பார்கள். மறுநாள் ஐந்தரைக்கே கிளம்பிவிட்டேன்.